அண்டை நாடு என்னும் அளவுகோல்: இலங்கை – தமிழ்நாடு சமூகநல ஒப்பீடுகள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

இந்தியாவின் சமூகநல நிலையை அண்டை நாடுகளோடு ஒப்பிட்டு மதிப்பிடும் போக்கு அமர்த்தியா சென், ஜான் டிரேஸ் ஆகியோரின் நூல்களால் பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. இவ்வொப்பீட்டில் இலங்கை முன்மாதிரி நாடாகவும், தமிழ்நாடு இந்தியாவிற்குள் முன்மாதிரி மாநிலமாகவும் நிற்கின்றன. இவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்தும்போது எழும் சிக்கல்களை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒப்பிடப்படும் இரு மக்கள்தொகைகளும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை என்னும் அடிப்படை எண்ணம் மலையகத் தமிழரின் வரலாற்றால் தகர்கிறது என்பதும், போர்க்காலத் தரவுகளில் விடுபட்ட பகுதிகள் முடிவுகளைப் பாதிக்கின்றன என்பதும் இங்கு எடுத்துரைக்கப்படுகின்றன. செங்கல்பட்டு மாவட்டத்துப் புதுப்பட்டினம், அளவீட்டு அலகு பற்றிய சிக்கலை விளக்கும் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச் சொற்கள்: சமூகநலம், ஒப்பீட்டு முறை, இலங்கை, தமிழ்நாடு, மலையகத் தமிழர், புதுப்பட்டினம், மனித மேம்பாடு

முன்னுரை

ஒரு நாட்டின் நலத்தை அதன் வருமானத்தைக் கொண்டு மட்டும் அளக்கலாகாது என்னும் கருத்து இன்று பொதுவழக்காகிவிட்டது. மஹ்பூப் உல் ஹக் முன்னின்று 1990ஆம் ஆண்டு வெளிக்கொணர்ந்த முதல் மனித மேம்பாட்டு அறிக்கை இதற்கு வழிவகுத்தது. ஆயுட்காலம், கல்வி, வருமானம் ஆகிய மூன்றையும் ஒரே எண்ணாகச் சுருக்கி நாடுகளை வரிசைப்படுத்தும் இம்முறை அன்றுமுதல் ஆண்டுதோறும் செய்தித்தாள்களின் தலைப்பாகிறது. 2023–24 அறிக்கையில் இலங்கை 78ஆவது இடத்திலும், வங்காளதேசம் 129ஆவது இடத்திலும், இந்தியா 134ஆவது இடத்திலும் இருந்தன. 2022இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர இயலாது என அறிவித்து, எரிபொருளுக்கும் மருந்துக்கும் மக்கள் நெடுவரிசையில் நின்ற ஒரு நாடு, வேகமாக வளரும் பொருளாதாரம் எனப் பேசப்படும் நாட்டைவிட 56 இடங்கள் முன்னே இருந்தது. வரிசை எண் எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்னும் கேள்வியை எழுப்ப இது ஒன்றே போதும்.

டிரேஸும் சென்னும் 2013இல் வெளியிட்ட நூல் இந்த அண்டைநாட்டு ஒப்பீட்டைத் தன் வாதத்தின் நடுநாயகமாகக் கொண்டது. 1990 அளவில் தெற்காசிய நாடுகளுள் இலங்கைக்கு அடுத்த நிலையில் இருந்த இந்தியா, இருபதாண்டு வேக வளர்ச்சிக்குப் பின்னர்ப் பல சமூகக் குறியீடுகளில் பாகிஸ்தானை மட்டுமே முந்தி நின்றது என்பது அந்நூலின் புகழ்பெற்ற முடிவு. அதே நூல் இந்தியாவிற்குள் கேரளம், இமாசலப் பிரதேசம், தமிழ்நாடு ஆகிய மூன்றையும் நம்பிக்கை தரும் சான்றுகளாகக் காட்டியது. நூலின் நோக்கம் இந்திய ஆட்சியாளரையும் நகர்ப்புற மேட்டுக்குடியினரையும் உறுத்துவது. அந்நோக்கத்தில் அது வென்றது என்பதில் ஐயமில்லை. உறுத்துவதற்குப் பயன்படும் ஒப்பீடு விளக்குவதற்கும் பயன்படுமா என்பதே இங்குள்ள வினா.

இலங்கை குறித்த பழைய விவாதம்

இலங்கை விதிவிலக்கான நாடுதானா என்பது புதிய கேள்வியன்று. சென் 1981இல் எழுதிய கட்டுரையில் குறைந்த வருமானத்திலும் நெடிய ஆயுளை எட்டிய நாடுகளுள் ஒன்றாக இலங்கையைச் சுட்டினார். 1989இல் டிரேஸுடன் இணைந்து எழுதிய பசியும் பொதுச் செயற்பாடும் பற்றிய நூலில், வளர்ச்சியின் வழியே வரும் பாதுகாப்பு, அரசின் ஆதரவின் வழியே வரும் பாதுகாப்பு என இருவகை பிரித்து, இலங்கையை இரண்டாம் வகையில் வைத்தார். இதற்கு மாறாக, சுர்ஜித் பல்லா 1960ஐத் தொடக்க ஆண்டாகக் கொண்டு கணக்கிட்டு, அதற்குப் பிந்தைய காலத்தில் இலங்கையின் முன்னேற்றம் தனிச்சிறப்புடையதன்று என வாதிட்டார். சென் அளித்த மறுமொழி எளிமையானது, ஆனால் ஆழமானது: இலங்கையில் பெரும் தலையீடுகள் 1960க்கு முன்னரே நிகழ்ந்துவிட்டன, பந்தயம் முடிந்தபின் கடிகாரத்தை இயக்குவதில் பயனில்லை என்பது அம்மறுமொழியின் சாரம்.

வரலாற்றுச் செய்திகள் சென்னின் பக்கமே நிற்கின்றன. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. 1931இல் டொனமூர் அரசியலமைப்பின் வழியே ஆண், பெண் அனைவர்க்கும் வாக்குரிமை கிடைத்தது. அன்றைய சென்னை மாகாணத்தில் சொத்தும் கல்வியும் உடையோர்க்கே வாக்கு இருந்தது. 1934–35 மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மடிந்தனர். அப்பேரிடர் கிராமப்புற மருத்துவமனைகள் பெருகக் காரணமாயிற்று. 1942இல் அரிசிப் பங்கீடும், 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வியும் வந்தன. 1946இல் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 20ஆக இருந்த இறப்பு வீதம் மறு ஆண்டே 14 அளவிற்கு இறங்கியது. இதனை டி.டி.டி. தெளிப்பின் வெற்றியாக மட்டும் காண்பது நெடுநாள் வழக்கம். போருக்குப் பிந்தைய இறப்புக் குறைவில் மலேரியா ஒழிப்பின் பங்கைப் பீட்டர் நியூமன் ஐந்தில் இரண்டாகக் கணித்தார்; ஆர்.எச். கிரே 1974இல் அதனை நான்கில் ஒன்றாகக் குறைத்தார். எஞ்சிய பெரும்பகுதி மருத்துவமனைகளும் உணவும் பிரசவம் பார்க்கும் மருத்துவமாதரும் தந்தது. 1930களில் லட்சம் பிறப்புக்கு 2,000ஐத் தாண்டியிருந்த தாய் இறப்பு 1950களின் தொடக்கத்தில் 600க்கும் கீழே வந்தது. அக்காலத்து ஆசியாவில் இதற்கு ஈடு காண்பது அரிது.

இவ்விவாதத்தில் இரு தரப்பினரும் ஒன்றை வினவவில்லை. முன்னேறியது யாருடைய இலங்கை? ஆண்டுகளைப் பற்றிச் சலிக்காமல் வழக்காடிய அறிஞர்கள், சராசரியின் அடியில் வகுக்கும் எண்ணாக நின்ற மக்களைப் பற்றி ஏறத்தாழ ஏதும் பேசவில்லை.

வகுஎண் மாறிய வரலாறு

1946 கணக்கெடுப்பில் இலங்கை மக்கள்தொகையில் இந்தியத் தமிழர் 11.7 விழுக்காடு. திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றோரின் வழிவந்தவர்கள் இவர்கள்; பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். 1947 பொதுத்தேர்தலில் இவர்களின் பிரதிநிதிகளாக எழுவர் நாடாளுமன்றம் சென்றனர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தமும் இவர்களை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கின. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். மக்களின் விருப்பம் கேட்கப்படாமலே எண்கள் பேசி முடிக்கப்பட்டன. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம் வந்து இறங்கினர். ஒரு பகுதியினர் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். 1981இல் இலங்கையில் இந்தியத் தமிழர் 5.5 விழுக்காடாகச் சுருங்கியிருந்தனர். தம்மை இலங்கைத் தமிழராகப் பதிவு செய்துகொண்டோரும் உண்டு என்பதால் இச்சரிவு முழுவதையும் வெளியேற்றத்தின் கணக்கில் எழுதிவிட இயலாது.

ஒப்பீட்டு முறைக்கு இவ்வரலாறு விடுக்கும் அறைகூவல் கடுமையானது. இரு நாடுகளின் சராசரிகளை ஒப்பிடுவோர், அவ்விரு மக்கள்தொகைகளும் தத்தம் அரசின் கொள்கைக்கு மட்டும் ஆட்பட்டு நின்றன எனக் கொள்கின்றனர். இங்கோ, ஒரு நாட்டின் குறியீடுகளில் மிகப் பின்தங்கியிருந்த மக்களில் பெரும்பகுதி மற்றொரு நாட்டின் கணக்கிற்கு மாற்றப்பட்டது. அவர்கள் வெளியேறியதால் இலங்கையின் சராசரி ஓரளவு உயர்ந்திருக்கும். யாருக்கும் ஒரு மருந்தோ ஒரு பள்ளியோ கூடுதலாகக் கிடைக்காமலே உயர்ந்திருக்கும். தமிழ்நாட்டின் பெருந்தொகையில் அவர்கள் கரைந்துபோயினர். இலங்கையின் முன்னேற்றம் முழுவதும் இதனால் வந்தது என்று கூறுவது மிகையாகும். தாய் இறப்பு வீழ்ச்சி ஒப்பந்தத்துக்கு மிக முந்தியது. ஆயினும் 1960களுக்குப் பிந்தைய வரிசைகளைப் படிக்கும் ஆய்வாளர் இம்மாற்றத்தைக் குறிப்பிடாமல் கடந்து செல்வது பிழையே.

இதனினும் முதன்மையான ஒன்று உண்டு. சென்னின் கோட்பாட்டில் நலம் அரசின் கொடையன்று; வாக்கும் பத்திரிகையும் கிளர்ச்சியும் அரசை அசைப்பதால் வருவது. 1953இல் அரிசி விலை உயர்வை எதிர்த்து எழுந்த ஹர்த்தால் பிரதமர் டட்லி சேனநாயக்காவைப் பதவி விலகச் செய்ததை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். அப்படியாயின் வாக்கு பறிக்கப்பட்டோர்க்கு என்ன நேர்ந்தது என்பதே கோட்பாட்டின் உண்மையான சோதனைக்களம். தோட்ட மருத்துவம் நெடுங்காலம் கம்பெனி நிருவாகத்தின் பொறுப்பிலேயே இருந்தது. தோட்டப் பள்ளிகளை அரசு ஏற்றது 1970களில்தான். இலவசக் கல்வி வந்து ஒரு தலைமுறை கழிந்தபின். 1973–74 உணவுத் தட்டுப்பாட்டில் நாட்டின் பிற பகுதிகளைவிடத் தோட்டங்களிலேயே இறப்பு மிகுதியாக உயர்ந்தது. 1988, 2003 சட்டங்களால் குடியுரிமைச் சிக்கல் தீர்க்கப்பட்ட பின்னரும் தழும்பு மாறவில்லை: 2016 மக்கள்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளில் வயதிற்கேற்ற உயரமின்மை இலங்கை முழுவதற்கும் 17.3 விழுக்காடு, தோட்டத் துறையில் மட்டும் 31.7 விழுக்காடு. ஆக, தோட்டங்கள் சென்னின் எண்ணைப் பலவீனப்படுத்துகின்றன. அவருடைய கோட்பாட்டையோ வலுப்படுத்துகின்றன. தமக்கு மிகச் சிறந்த சான்றாக அமையக்கூடிய பகுதியை ஆதரவாளர்கள் சராசரிக்குள் புதைத்துவிட்டனர் என்பது விந்தை.

விடுபட்ட மாகாணங்கள்

தரவுகளின் மற்றொரு குறை போரால் நேர்ந்தது. 1987, 1993 ஆய்வுகளில் வடக்கும் கிழக்கும் இடம்பெறவில்லை. 2001 கணக்கெடுப்பு 25 மாவட்டங்களுள் 18இல் மட்டுமே முழுமையாக நிறைவுற்றது. 2006–07 ஆய்வில் வடமாகாணம் இல்லை. 2016இல்தான் நாடு முழுவதும் ஆய்வுக்குள் வந்தது. இடைப்பட்ட காலத்தில் இலங்கை என்று அட்டவணைகளில் அச்சிடப்பட்டது தமிழர் செறிந்து வாழும் பகுதிகள் நீங்கிய இலங்கை. அட்டவணையின் கீழே சிறு எழுத்தில் இது குறிக்கப்பட்டிருக்கும். அட்டவணையை எடுத்தாளும் கட்டுரைகளில் அச்சிறு எழுத்து உதிர்ந்துவிடும்.

தமிழ்நாட்டோடு நேர்நிறுத்தம்

இலங்கையை இந்தியா முழுவதோடு ஒப்பிடுவதைவிடத் தமிழ்நாட்டோடு ஒப்பிடுவதே பொருத்தம் என்னும் கருத்து நியாயமானது. 2011இல் தமிழ்நாட்டு மக்கள்தொகை 7.21 கோடி, 2012இல் இலங்கையின் மக்கள்தொகை 2.03 கோடி. நாடு என்னும் பெயர் இல்லையே தவிர, அளவில் தமிழ்நாடு மூன்று இலங்கைகளுக்கு மேல். ஆனால் மாநிலத்திற்கு நாணயமில்லை, சுங்கமில்லை, படையில்லை. இலங்கை 1983 முதல் 2009 வரை போருக்குச் செலவிட்டதும், 2022இல் கடனில் மூழ்கியதும் இறையாண்மையின் மறுபக்கங்கள். 2022 மே மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்கு நிவாரணக் கப்பல் புறப்பட்டது. 40,000 டன் அரிசியும் 500 டன் பால்மாவும் மருந்துகளும் அனுப்பத் தமிழ்நாட்டு அரசு முடிவு செய்திருந்தது. குறியீடுகளில் பின்தங்கிய கரை முந்திய கரைக்கு அரிசி அனுப்பியது. அதற்கும் ஒன்றிய அரசின் இசைவு வேண்டியிருந்தது.

எண்களை நேர்நிறுத்தினால் கிடைக்கும் சித்திரம் ஒரே சீரானதன்று. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் உயரக்குறை 25.0 விழுக்காடு; இலங்கையைவிட மிகுதி, இந்தியாவின் 35.5ஐவிடக் குறைவு. உயரத்திற்கேற்ற எடையின்மையோ தமிழ்நாட்டில் 14.6, இலங்கையில் 15.1. நூறாண்டு பொதுச் சுகாதார மரபு உடைய தீவும், 1982 முதல் விரிந்த சத்துணவுத் திட்டம் உடைய மாநிலமும் இவ்வொன்றில் ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்கின்றன. கேரளத்தையும் இலங்கையையும் ஒரே மூச்சில் புகழ்வோர் இவ்வெண்ணைத் தொடுவதில்லை. மகப்பேற்று வீதத்தில் தமிழ்நாடு 1.8 என்னும் நிலைக்கு இறங்கிவிட்டது. இலங்கை 2016இல் 2.2.

தாய் இறப்பில் தமிழ்நாடு 2018–20இல் 54. அகில இந்திய அளவு 97. இலங்கை 30ஐ ஒட்டி. இவ்விடைவெளியை நிறுவனங்களின் வழியே புரிந்துகொள்வதே பயனுடையது. 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டமும், தனி இயக்ககமாக நிலைத்த பொதுச் சுகாதாரத் துறையும் பிற இந்திய மாநிலங்களில் காண்பதற்கரியவை. மோனிகா தாஸ் குப்தா உள்ளிட்டோர் தமிழ்நாட்டின் தனித்தன்மையை இத்துறை அமைப்பிலேயே கண்டனர். கலையரசன், விஜயபாஸ்கர் ஆகியோரின் 2021 நூல் இதனைச் சாதி எதிர்ப்பு அரசியலின் விளைவாக வாசித்தது. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. எனினும் இரண்டாவது வாசிப்பு இலங்கைச் சான்றின்முன் ஒரு கேள்விக்கு விடை கூற வேண்டும்: திராவிட இயக்கம் போன்ற ஒன்று இல்லாமலே இலங்கை அந்நிலையை முப்பது ஆண்டுகள் முன்னரே எட்டியது எவ்வாறு? அந்நூலாசிரியர்களின் ஒப்பீட்டுத் தளம் இந்திய மாநிலங்களோடு நின்றுவிடுவதால் இக்கேள்வி எழவே இல்லை. அண்டைநாட்டு ஒப்பீடு தன் தகுதியைக் காட்டும் இடம் இதுதான்.

ஒரு நிறுவனத்தின் விளைவை நேரே காட்டும் சான்று தற்கொலை பற்றியது. மனித மேம்பாட்டுக் குறியீட்டில் இதற்கு இடமில்லை. 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் லட்சத்துக்கு 47. உலகின் மிக உயர்ந்த வீதங்களுள் ஒன்று. கொடிய பூச்சிக்கொல்லிகளை அவ்வாண்டிலிருந்து படிப்படியாகத் தடைசெய்ததனால் அடுத்த இருபதாண்டுகளில் வீதம் ஏறத்தாழ 70 விழுக்காடு வீழ்ந்தது. மனக்கவலையைத் தடைசெய்ய இயலாது. கைக்கெட்டும் நஞ்சைத் தடைசெய்ய இயலும் என்பதை அந்நாட்டுப் பதிவாளர் அலுவலகம் உணர்ந்திருந்தது. தமிழ்நாட்டில் 2021இல் 18,925 தற்கொலைகள் பதிவாயின, வீதம் 24.7, அகில இந்திய அளவில் 12.0. இரு நாட்டிலும் இவை காவல்துறைப் பதிவுகளே என்பதால் குறைபதிவு இருபுறமும் உண்டு. பதிவைச் செம்மையாகச் செய்யும் மாநிலம் மோசமாகத் தோன்றும் என்பதும் உண்மை. இருந்தபோதிலும் தமிழ்நாட்டு ஆட்சியாளர் இலங்கையிடம் கற்க வேண்டியவற்றுள் இதுவே மிக மலிவானது.

புதுப்பட்டினம் என்னும் அலகு

ஒப்பீட்டின் அலகு நாடா, மாநிலமா என்னும் வாதம் இன்னும் கீழே இறங்க வேண்டியுள்ளது. மாமல்லபுரத்திற்குத் தெற்கே, திருக்கழுக்குன்றம் வட்டத்தில், வங்கக் கரையில் அமைந்தது புதுப்பட்டினம். அதனை அடுத்த சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டை இன்றும் நிற்கிறது. அக்கோட்டையை ஆண்ட கம்பெனியே 1658 முதல் 1796 வரை இலங்கையின் கரையோரத்தையும் ஆண்டது. நாடு என்னும் எல்லைக்கோடு இக்கரைகளுக்குப் பிந்தியது. 1983இல் கல்பாக்கம் அணுமின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அணுசக்தித் துறை ஊழியர்க்கான நகரியம் புதுப்பட்டினத்தை ஒட்டியது. ஒன்றிய அரசின் ஊதியமும், துறைக்குரிய மருத்துவமனையும் பள்ளிகளும் மதிலின் ஒருபுறம்; மீனவர் குப்பங்களும் ஒப்பந்தத் தொழிலாளர் குடியிருப்புகளும் மறுபுறம். இவ்விரண்டையும் கூட்டி வகுத்தால் கிடைக்கும் சராசரி இங்கு வாழும் எவருடைய நிலையையும் குறிக்காது.

அச்சராசரியும் கிடைப்பதில்லை. 2019–21 ஆய்வு 2017 மார்ச் 31இல் இருந்த மாவட்ட எல்லைகளைப் பின்பற்றியது. செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019 நவம்பர் 29இல். ஆகவே அவ்வாய்வில் செங்கல்பட்டு என்றொரு மாவட்டம் இல்லை. புதுப்பட்டினத்துக் குழந்தையின் உயரம், தாம்பரத்துக் குழந்தையினதும் ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைப் பகுதிக் குழந்தையினதும் சேர்ந்த பழைய காஞ்சிபுரத்தின் எண்ணுக்குள் இருக்கிறது.

2004 டிசம்பர் 26 காலை இக்கரையையும் இலங்கையின் கிழக்குக் கரையையும் ஒரே பேரலை தாக்கியது. இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோரும் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேரும் இறந்தனர். இவ்விரு எண்களை வைத்து ஆட்சித்திறனை அளக்க யாரும் துணியார். நில அமைப்பும் அலையின் திசையும் காரணம் என எளிதில் விளங்கிக்கொள்வர். இதே எச்சரிக்கை, அலைபோல் கண்ணுக்குத் தெரியாத காரணங்கள் செயல்படும் பிற குறியீடுகளுக்குக் கிடைப்பதில்லை.

ஒன்றில் இலங்கைப் புள்ளியியலாளரைப் பாராட்ட வேண்டும். நகரம், கிராமம், தோட்டம் என மூன்று துறைகளாகப் பிரித்து வெளியிடும் வழக்கம் அவர்களிடம் உண்டு. 31.7 என்னும் வெட்கத்திற்குரிய எண் வெளியே தெரிவதற்கு அதுவே காரணம். அவ்வெண்ணைத் தமிழ்நாட்டின் 25.0உடன் வைத்து, புலம்பெயராது இங்கேயே இருந்திருந்தால் அவர்களின் வழியினர் நலமாக இருந்திருப்பர் எனச் சிலர் முடிவுகட்டக்கூடும். அது தவறான ஒப்பீடு. சென்றவர்கள் தமிழ்நாட்டின் சராசரி மக்கள் அல்லர். நிலமற்ற, ஒடுக்கப்பட்ட குடிகள். அவர்களை அளக்க வேண்டியது இங்கு எஞ்சிய அவர்களின் உறவினரோடுதான். 1964க்குப் பின் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் வந்திறங்கிய அவர்களின் உடன்பிறந்தாரோடுதான். ஒரே குடும்பம், இரு அரசுகள், அரை நூற்றாண்டு: சமூக அறிவியலில் இத்தகைய களம் அரிதாகவே கிட்டும். ஆனால் இந்தியக் குடும்பநல ஆய்வு நகரம், கிராமம் என்று மட்டுமே பிரிக்கிறது. நுவரெலியாவில் தேயிலை கிள்ளும் பெண்ணின் குழந்தைக்குத் தனி நிரல் உண்டு. நீலகிரியில் அதே வேலை செய்யும் அவள் ஒன்றுவிட்ட தங்கையின் குழந்தை கிராமப்புறம் என்னும் நிரலில் இருக்கிறது.